கடல் கடந்த விலங்குகள் – 7: தளை பூண்ட காண்டாமிருகம்

1515ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி லிஸ்பன் துறைமுகத்தில் ஒரு காண்டாமிருகம் இறக்கப்பட்டது. ரோமப் பேரரசர்கள் அரங்குகளில் மிருகச் சண்டை நடத்திய காலம் முடிந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அத்தனை காலமும் உயிருள்ள காண்டாமிருகம் எதையும் ஐரோப்பா கண்டதில்லை. படித்தவர்கள் பழைய நூல்களில் அதன் பெயரைக் கண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு அது, நம் கோயில் தூண்களில் நிற்கும் யாளியைப் போல, உண்டா இல்லையா என்று தெரியாத ஒரு பிராணி.

ஐரோப்பாவில் அந்தக் காண்டாமிருகம் முழுதாக ஒன்பது மாதம்கூட வாழவில்லை. ஆனால் அதைக் கண்ணால் பாராத ஓர் ஓவியர் வரைந்த படம் இரண்டரை நூற்றாண்டு காலம் அந்தக் கண்டத்தை ஆண்டது. கலை வரலாற்று நூல்கள் படத்தைப் பற்றி ஏராளமாகப் பேசும். இந்த அத்தியாயத்தில் நான் அந்த மிருகத்தின் பக்கம் நின்று பேசப் போகிறேன்.

கதை தொடங்குவது குஜராத்தில். 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் பிடித்த போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகெர்க்கேவின் கண் அடுத்து தியூ தீவின்மேல் விழுந்தது. காம்பே வளைகுடாவின் வாசலில் நிற்கும் தீவு அது. அங்கே ஒரு கோட்டை இருந்தால் செங்கடலுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் போகிற குஜராத்திக் கப்பல்கள் அத்தனையையும் மடக்கி வரி வாங்கலாம். ஆகவே 1514இல் குஜராத் சுல்தான் இரண்டாம் முசாபர் ஷாவிடம் தூதர்களை அனுப்பிக் கோட்டை கட்ட அனுமதி கேட்டார். சுல்தான் மறுத்துவிட்டார். மறுத்தாலும் விருந்தினரை வெறுங்கையோடு அனுப்புவது அரச மரபு ஆகாதே! தூதர்கள் கொண்டுவந்த பரிசுகளுக்கு ஈடாக அவர் கொடுத்தவற்றுள் ஒன்று, வளர்ந்த ஒரு காண்டாமிருகம். குஜராத்தியில் அதன் பெயர் கேண்டோ. போர்ச்சுகீசியர் அதைக் ‘கண்டா’ என்று எழுதினார்கள். (தியூவில் கோட்டை எழுப்ப அவர்களுக்கு 1535 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது சுல்தானாக இருந்தவர் முசாபரின் மகன் பகதூர் ஷா.)

மிருகம் சூரத் வழியாக 1514 செப்டம்பரில் கோவா வந்து சேர்ந்தது. அல்புகெர்க்கே அதைத் தன் அரசர் முதலாம் மானுவேலுக்கு அனுப்ப முடிவு செய்தார். அதோடு அதன் காப்பாளன் ஒருவனும் கப்பல் ஏறினான். போர்ச்சுகீசிய ஏடுகள் அவனை ‘ஓசெம்’ என்று குறிக்கின்றன. பிறந்த மண்ணில் அவனை எப்படி அழைத்தார்களோ, நமக்குக் கிடைப்பது அந்நியர் காதில் விழுந்த இந்த ஒரு சொல்தான். மாதக்கணக்கில் நடுக்கடலில் அந்த மிருகத்துக்குத் தீனி வைத்து, தண்ணீர் காட்டி, அது மிரளும்போது குரல் கொடுத்து அடக்கி, உயிரோடு லிஸ்பன் கொண்டு சேர்த்த மனிதன் அவன். இந்தக் கதையில் வருகிற அரசர், போப், ஓவியர் எல்லாரையும்விட என் மதிப்புக்குரியவன் ஓசெம்.

1515 ஜனவரியில் மிளகும் மற்ற சரக்குகளும் ஏற்றிய கப்பல் கோவாவை விட்டுப் புறப்பட்டது. மோசாம்பிக், நன்னம்பிக்கை முனை, செயின்ட் ஹெலினா, அசோர்ஸ் தீவுகள் என்று சுற்றிக்கொண்டு லிஸ்பன் சேர ஏறத்தாழ 120 நாள். இந்தியக் காண்டாமிருகம் இரண்டாயிரம் கிலோவுக்கு மேல் எடை கொண்டது. ஆளுயரப் புல்லில் மேய்ந்து, வெயில் ஏறினால் சேற்றுக் குட்டையில் கிடந்து தோலைக் குளிரவைத்துக்கொள்ளும் பிராணி. சேறு இல்லாவிட்டால் தோல் வறளும், வெடிக்கும், பூச்சி மொய்க்கும். அதற்கு நான்கு மாதம் கிடைத்தது பலகைத் தளமும் உப்புக்காற்றும் காலில் தளையும். அந்தக் காலத்தில் அந்தப் பாதையில் மாலுமிகளே நோயில் மடிந்துகொண்டிருந்தார்கள். மிருகம் பிழைத்துக் கரை சேர்ந்ததே பெரிது.

லிஸ்பனில் அதைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. மானுவேலிடம் ஏற்கெனவே இந்தியாவிலிருந்து வந்த யானைகள் சில இருந்தன. யானையும் காண்டாமிருகமும் பிறவிப் பகைவர்கள் என்று முதல் நூற்றாண்டு ரோம அறிஞர் பிளினி எழுதி வைத்திருந்தார்: காண்டாமிருகம் பாறையில் கொம்பைத் தீட்டிக்கொண்டு வந்து யானையின் வயிற்றைக் குறிவைத்துக் கிழிக்குமாம். ஆயிரத்து நானூறு ஆண்டு பழைய வாக்கைச் சோதித்துப் பார்க்க அரசருக்கு ஆசை வந்தது. ஜூன் 3, ஞாயிற்றுக்கிழமை. அரண்மனை முற்றத்தில் அரச குடும்பமும் பிரபுக்களும் நிறைந்திருக்க, ஓர் இளம் யானையையும் காண்டாமிருகத்தையும் எதிரெதிரே விட்டார்கள். காண்டாமிருகம் மெல்ல அடியெடுத்து வைத்து முன்னே வந்தது. கூட்டத்தின் இரைச்சலில் ஏற்கெனவே கலங்கியிருந்த யானை, ஓர் அடிகூட விழுவதற்கு முன் திரும்பி ஓடிவிட்டது. பிளினி சொன்னது மெய் என்று அவை முடிவு கட்டியது.

இதே சோதனையைப் பத்தாண்டு கழித்து இன்னொருவர் செய்தார். 1525 டிசம்பரில் இந்தியாமேல் படையெடுத்து வந்த பாபர், பெஷாவர் அருகே காண்டாமிருக வேட்டையாடினார். அன்று சிந்து நதிக் கரைக் காடுகளிலிருந்து பிரம்மபுத்திரா வரை இந்த மிருகம் பரவியிருந்தது. யானையைக் கண்டால் காண்டாமிருகம் என்ன செய்யும் என்ற கேள்வி அவருக்கும் இருந்தது. பாகன் யானையை முன்னே செலுத்தினான். காண்டாமிருகம் வேறு பக்கம் திரும்பி ஓடிவிட்டதாக பாபர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். லிஸ்பனில் யானை ஓடியது, பெஷாவரில் காண்டாமிருகம் ஓடியது. கண்டதைக் கண்டபடி எழுதும் பழக்கம் பாபருக்கு இருந்ததால் நமக்கு உண்மை கிடைத்தது: இரண்டு மிருகங்களுக்கும் இடையே பிறவிப் பகை எதுவும் கிடையாது, அச்சம்தான் உண்டு. காசிரங்காவில் இன்றும் இரண்டும் ஒரே புல்வெளியில் மேய்கின்றன.

மிருகம் வந்த செய்தி குதிரைத் தபாலில் பறந்தது. எட்டு வாரத்துக்குள், ஜூலை 13 அன்று, ரோமில் அதைப் பற்றி ஜோவான்னி பென்னி என்பவர் எழுதிய செய்யுட் சிறுநூல் ஒன்று முரட்டுப் படத்தோடு அச்சாகிவிட்டது. அதன் ஒரு பிரதி ஸ்பெயினின் செவில் நகரில், கொலம்பஸின் மகன் சேர்த்த நூலகத்தில் இன்றும் இருக்கிறது. லிஸ்பனில் அச்சுத்தொழில் செய்துவந்த வாலென்டிம் பெர்னாண்டஸ், ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகர வணிகர்களுக்கு மிருகத்தை விவரித்துக் கடிதம் எழுதினார். யாரோ ஒருவர் வரைந்த கோட்டோவியமும் அந்த நகருக்குப் போய்ச் சேர்ந்தது. அவை கடைசியில் வந்து விழுந்த மேசை ஆல்பிரெக்ட் ட்யூரருடையது.

ட்யூரருக்கு அப்போது வயது 44. ஐரோப்பாவில் மரச்செதுக்கு அச்சில் அவருக்கு நிகர் கிடையாது. முதலில் மசியால் வரைந்தார். அந்த மூலப்படம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. பிறகு அது மரப்பலகையில் செதுக்கப்பட்டு அச்சேறியது. உள்ளங்கை இரண்டை விரித்து வைத்தால் மூடிவிடக்கூடிய அளவுதான், ஏறத்தாழ 21 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலம். அந்தச் சிறிய சட்டத்துக்குள் மிருகம் முட்டிக்கொண்டு நிற்கிறது. மூக்கு ஒரு விளிம்பைத் தொடுகிறது, பின்புறம் மறு விளிம்பைத் தொடுகிறது. தோல் மடிப்புகளை அவர் இரும்புக் கவசத் தகடுகளாக்கிவிட்டார். தகடுகளின் ஓரத்தில் ஆணி அடித்தது போன்ற புடைப்புகள், கால்களில் செதில், தாடையில் கூர்முனைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, தோளின்மேல் முறுக்கிய இன்னொரு சிறு கொம்பு. இந்தியக் காண்டாமிருகத்துக்கு மூக்கின்மேல் ஒரே கொம்புதான். தோளில் முளைத்த கொம்பு ட்யூரரின் கற்பனை, அல்லது அவருக்கு வந்த படத்தின் பிழை.

அவரைப் பொறுப்பற்றவர் என்று சொல்ல மாட்டேன். புல்லின் ஒரு கொத்தை, ஒரு முயலை மயிர் மயிராகப் பார்த்து வரைந்தவர் அவர். 1520 டிசம்பரில் நெதர்லாந்துக் கடற்கரையில் திமிங்கிலம் ஒதுங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, குளிரில் கடல் வழியே புயலில் சிக்கித் தவித்து அங்கே போனார். அதற்குள் அலை அதை இழுத்துப் போய்விட்டது. பார்க்க வேண்டும் என்று அத்தனை தவித்த மனிதருக்கு லிஸ்பன் எட்டாத தூரமாக இருந்தது.

அதே ஆண்டில் ஔக்ஸ்பர்க் நகரில் ஹான்ஸ் புர்க்மையர் என்ற இன்னொரு ஓவியரும் இதே காண்டாமிருகத்தை மரச்செதுக்கில் வெளியிட்டார். அவரும் நேரில் பார்த்தவரல்லர். ஆனால் ஔக்ஸ்பர்க் வணிகர்களுக்கு லிஸ்பனோடு நெருங்கிய கொடுக்கல் வாங்கல் உண்டு, அவர் கைக்கு நல்ல தகவல் வந்திருக்க வேண்டும். அவர் படத்தில் கவசம் இல்லை. தோல் தோலாகத் தெரிகிறது, தோளில் இரண்டாவது கொம்பு கிடையாது. முக்கியமாக, முன்னங்கால்கள் இரண்டும் தளையால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. உண்மையில் லிஸ்பனில் நின்ற மிருகம் அதுதான்: பிடித்துக் கட்டப்பட்ட, ஊர் விட்டு ஊர் இழுக்கப்பட்ட கைதி. ட்யூரர் தளையை விட்டுவிட்டார். அவருடைய காண்டாமிருகம் யாருக்கும் அடங்காத போர்வீரனாக நிற்கிறது.

மக்கள் போர்வீரனைத்தான் வாங்கினார்கள். ட்யூரரின் வாழ்நாளிலேயே நான்காயிரம் ஐயாயிரம் பிரதிகள் விற்றிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அவர் இறந்த பிறகும் பலகை விரிசல் விட்டுத் தேயும் வரை அச்சடித்தார்கள். புர்க்மையரின் படத்துக்கு இன்று உலகில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி, வியன்னாவின் ஆல்பெர்ட்டினா அருங்காட்சியகத்தில்.

நியூரம்பெர்க்கில் பலகை செதுக்கப்பட்ட அந்த ஆண்டின் இறுதியில் லிஸ்பனில் மானுவேலுக்கு வேறு யோசனை வந்தது. போன அத்தியாயத்தில் வந்த ஹன்னோ யானையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1514 மார்ச்சில் ஹன்னோ ரோமுக்குள் நுழைந்து போப் பத்தாம் லியோவின் முன் மண்டியிட்டது. அந்த ஆண்டு நவம்பரிலேயே, கிழக்கே போர்ச்சுகல் பிடிக்கும் நிலங்களின் மேல் அதற்குள்ள உரிமையை உறுதி செய்து போப் ஆணை பிறப்பித்தார். ஒரு யானைக்கு இத்தனை பலன் கிடைத்தால் காண்டாமிருகத்துக்கு என்ன கிடைக்காது? பிறர் நாட்டை எடுத்துக்கொள்வதற்கு மூன்றாமவரிடம் அனுமதி வாங்கி, அதற்குக் கையுறையாக அந்த நாட்டின் மிருகத்தையே அனுப்புகிற ராஜதந்திரம் இது. இந்தத் தொடரில் வந்த விலங்குகளில் பெரும்பாலானவை இப்படிக் கையுறையாகக் கைமாறியவைதான்.

1515 டிசம்பரில் வெள்ளிப் பாத்திரங்களும் நறுமணப் பொருள்களும் நிரம்பிய கப்பலில் காண்டாமிருகம் மறுபடி ஏற்றப்பட்டது. போப்பின் முன் அழகாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகப் பூ வேலை செய்த பச்சை வெல்வெட்டுக் கழுத்துப்பட்டை பூட்டினார்கள். அதை இந்தியாவிலிருந்து அனுப்பிவைத்த அல்புகெர்க்கே, அதே டிசம்பரில், ஆளுநர் பதவி பறிபோன செய்தி கேட்ட மனவேதனையோடு கோவா துறைமுகத்தின் வாயிலில் கப்பலிலேயே இறந்தார்.

வழியில் மார்செய் நகருக்கு அருகே கப்பல் நின்றது. பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சிஸ், இருபத்தொரு வயது இளைஞர், இத்தாலியில் மரிஞ்ஞானோ போரை வென்றுவிட்டு அந்தப் பக்கம் வந்திருந்தார். காண்டாமிருகத்தைப் பார்க்க விரும்பினார். மிருகத்தை இஃப் என்ற சிறு தீவில் இறக்கினார்கள். 1516 ஜனவரி 24 அன்று அரசர் அங்கே வந்து பார்த்தார். அது மண்ணில் கால் பதித்த கடைசி இடம் அந்தத் தீவு.

பிப்ரவரித் தொடக்கத்தில், இத்தாலியக் கரையில் போர்ட்டோ வெனேரே அருகே கப்பல் திடீர்ப் புயலில் சிக்கி மூழ்கியது. காண்டாமிருகம் நன்றாக நீந்தும். பிரம்மபுத்திராவில் வெள்ளம் வரும்போது மைல் கணக்கில் நீந்தி மேடு தேடும் விலங்கு அது. கரை தொலைவில் இல்லை. ஆனால் கப்பல் தளத்தில் அசையாமல் நிற்பதற்காக அதைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். தளை இருந்ததால் அது மூழ்கிச் செத்தது. அதன் சாவுக்குப் புயல் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி மனிதர் கையால் பூட்டிய இரும்பு.

உடல் கரை ஒதுங்கியதாகவும், தோலை உரித்து வைக்கோல் திணித்து ரோமுக்கு அனுப்பியதாகவும் பின்னாளில் எழுதினார்கள். அந்தக் காலத்து ரோமக் குறிப்புகள் எதுவும் அதை உறுதி செய்யவில்லை. ஹன்னோவும் நான்கு மாதம் கழித்து, ஜூன் 8 அன்று, வைத்தியர்கள் தங்கம் கலந்து கொடுத்த பேதி மருந்து தாங்காமல் இறந்தது.

மிருகம் போய்விட்டது, படம் வளர்ந்தது. 1536இல் புளோரன்ஸ் பிரபு அலெசாண்ட்ரோ மெடிசி, ட்யூரரின் காண்டாமிருகத்தைத் தன் வெற்றிச் சின்னமாக எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே கொலையுண்டார். 1544இல் வந்த மூன்ஸ்டரின் உலக விவர நூலிலும், 1551இல் தொடங்கிய கெஸ்னரின் விலங்கு வரலாற்றிலும் அந்தப் படம்தான். அரண்மனைத் திரைச்சீலை, தேவாலயக் கதவு, பீங்கான் பொம்மை என்று எங்கே பார்த்தாலும் தோளில் இரண்டாம் கொம்போடு அது நின்றது. 1577 முதல் லிஸ்பனிலும் பிறகு மத்ரித்திலும் உயிருள்ள இன்னொரு காண்டாமிருகம் பல ஆண்டு வாழ்ந்தது; அதைப் பார்த்து வரைந்த படமும் அச்சில் வந்தது. ஓவியர்கள் அப்போதும் ட்யூரரையே நகலெடுத்தார்கள். ஜெர்மன் பள்ளிப் பாடநூல்களில் 1930கள் வரை அந்தப் படம் இடம்பெற்றது. 2013இல் நியூயார்க் ஏலத்தில் அதன் பழைய பிரதி ஒன்று 8,66,500 டாலருக்குப் போயிற்று.

அந்தப் படத்தின் அழகை நான் மறுக்கவில்லை. எத்தனை முறை பார்த்தாலும் அதன் கனமும் மூச்சும் நம்மைப் பிடித்து நிறுத்துகின்றன. ஆனால் கவசம் அணிந்த மிருகத்துக்கு யாரும் இரங்குவதில்லை. தோட்டாவும் துளைக்காது என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பிய தோலை வேட்டைக்காரர்கள் எளிதாகத் துளைத்தார்கள். சிந்து வெளி முத்திரைகளில் இடம்பெற்ற விலங்கு, பாபர் பெஷாவரில் கண்ட விலங்கு, இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அசாம், வங்கம், நேபாளம் ஆகிய இடங்களின் சில புல்வெளிகளுக்குள் சுருங்கிப்போயிருந்தது. காசிரங்கா 1908இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது, வேட்டை நின்றது, மெல்ல மெல்ல எண்ணிக்கை ஏறியது. 2022 கணக்கெடுப்பில் அங்கே 2,613 காண்டாமிருகங்கள் இருந்தன. 2021 செப்டம்பரில் அசாம் அரசு தன் கருவூலங்களில் சேர்ந்திருந்த கொம்புகளில் 2,479ஐ வெட்டவெளியில் எரித்தது. கொம்பில் மருந்து எதுவும் இல்லை, நம் நகத்திலும் மயிரிலும் உள்ள அதே கெரட்டின்தான் என்று ஊருக்குச் சொல்வதற்காகச் செய்த காரியம் அது. ஐந்நூறு ஆண்டில் இந்த விலங்குக்காக மனிதர் செய்தவற்றுள் உருப்படியானது என்று காசிரங்காக் காவலர்களின் உழைப்பைத்தான் சொல்வேன்.

லிஸ்பன் போகும் வாசகர்கள் டேகஸ் ஆற்றங்கரையில் பெலெம் கோபுரத்தைப் பாராமல் திரும்ப மாட்டார்கள். நம் காண்டாமிருகம் வந்திறங்கியபோது கட்டப்பட்டுக்கொண்டிருந்த கோபுரம் அது. மேற்குப் பக்கக் காவல் மாடம் ஒன்றின் அடியில் கல்லில் செதுக்கிய காண்டாமிருகத் தலை இருக்கிறது. மழையும் உப்புக்காற்றும் அரித்து உருவம் மங்கியிருப்பதால் தேடித்தான் பார்க்க வேண்டும். தேடிப் பாருங்கள்.

தோளில் முளைத்த அந்தப் பொய்க் கொம்பை ஐரோப்பாவின் மனத்திலிருந்து அகற்றியது இன்னொரு இந்தியக் காண்டாமிருகம். அசாமில் தாயை இழந்து, ஹூக்ளிக் கரையில் ஒரு டச்சு அதிகாரியின் வீட்டில் நாய்க்குட்டி வளர்வது மாதிரி வளர்ந்து, 1741 ஜூலையில் ராட்டர்டாமில் இறங்கியவள் அவள். பெயர் கிளாரா. பதினேழு ஆண்டு ஐரோப்பா முழுவதும் சுற்றினாள். அவள் கதை அடுத்த இதழில்.